காற்றுக்கு விட்டுப் பேசும் ஊர்

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிக் கிழக்கே இறங்கினால், காற்றாலைகள் வேலிக்கால்களைப் போல நெருங்கி நிற்கும் செம்மண் காட்டுக்கு நடுவில் கணவாய்ப்புதூர் இருக்கிறது. வைகாசி முடியும்போது மலை இடுக்கில் புகுந்து வரும் கச்சான் காற்று அங்கே புரட்டாசி வரைக்கும் நிற்பதில்லை என்பதாலும், பேசுகிறவன் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பணகுடிப் பக்கம் எங்கோ போட்டுவிடும் என்பதாலும், அந்த ஊரில் பிறந்தவர்கள் எல்லாருக்கும் காற்றுக்கு விட்டுப் பேசுவது என்றொரு பழக்கம் இருந்தது. சொல்லைத் தொடங்குவார்கள், காற்று எழும்பினால் நிறுத்துவார்கள், அடங்கியதும் மறுபடி முதலெழுத்திலிருந்து தொடங்குவார்கள். 'நா' என்று நிறுத்தி, 'நாளை' என்று நிறுத்தி, 'நாளைக்குச் சூளைக்கு வா' என்று ஒருவர் முடிக்கிறவரைக்கும் கேட்கிறவர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். குறுக்கே புகுந்து அடுத்தவர் சொல்லை முடித்துவைப்பது, அடுத்தவர் இலையில் கைவைப்பது போல. வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களுக்கு இது பழக ஒரு காற்றுக்காலம் பிடித்தது. பழகிய பிறகு பிறந்த வீட்டுக்குப் போனால் அங்கே எல்லாரும் பதறியடித்துப் பேசுவதாக அவர்களுக்குத் தோன்றியது.

இந்த ஊரில் தங்கபுஷ்பம் வீட்டு மாடி அறையில், காற்றாலைகளைப் பழுது பார்க்க வந்த யென்ஸ் என்ற டென்மார்க்குக்காரர் ஒரு மழைக்காலமும் ஒரு பனிக்காலமும் வாடகைக்கு இருந்தார். வந்த அன்றே அவர் அறையிலிருந்த சாமிப்படக் காலண்டரையும், கிளி வரைந்த கண்ணாடியையும், பிளாஸ்டிக் ரோஜாக்கொத்தையும், இரண்டாவது நாற்காலியையும் ஒவ்வொன்றாக, தூங்குகிற குழந்தையைத் தூக்கி வருவதுபோல மாடிப்படியில் இறக்கிக் கொண்டுவந்து தங்கபுஷ்பத்திடம் கொடுத்துவிட்டு, வெறுமையான சுவரில் தன் பெட்டியிலிருந்து எடுத்த ஒரே ஒரு பொருளை மாட்டினார். ஆப்பம் அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம். அதைச் சுற்றி வெளிர் நிற மரத்தில் மெல்லிய விளிம்பு. நடுவில் தலைமுடி போல ஒரு கறுப்பு முள். வேறு ஒன்றும் இல்லை.

"இதுல நம்பரக் காணமே தம்பி, உதிந்து போச்சா?" என்று தங்கபுஷ்பம் கேட்டாள்.

"நம்பர் வேண்டாம்" என்றார் யென்ஸ். அவருக்குத் தெரிந்த தமிழ் குறைவு, அதிலும் பாதியைத்தான் செலவழிப்பார். "மழை, காற்று சொல்லும். எங்க அம்மா வீட்டில் ஜன்னல் பக்கம் இருந்தது. முள் இந்தப் பக்கம், குடை எடு. அந்தப் பக்கம், குடை வேண்டாம். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"தேவை இல்லாததை இறக்கி வைத்தாச்சு. மிச்சம் இது."

மாசியில் அவர் ஊருக்குக் கிளம்பியபோது தங்கபுஷ்பம் ஒரு டப்பா முந்திரிக்கொத்தும் ஒரு சீப்பு மட்டிப்பழமும் கொடுத்தாள். வாங்கிக்கொண்டவர், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மாடிக்குப் போய், வட்டத்தைக் கழற்றி வந்து அவள் கையில் வைத்தார். அவள் அதைக் கூடத்தில், மேற்கு ஜன்னலைப் பார்த்தாற்போல் மாட்டினாள். சந்தனம் குங்குமம் வைக்கலாமா என்று கணவனிடம் கேட்டதற்கு, செங்கல் சூளையில் மேஸ்திரியாக இருந்த சுயம்புலிங்கம், "வேண்டாம், அந்தப் பிள்ளை பார்த்தா இறக்கி வச்சிருவான்" என்றார்.

அந்த வருஷமும் வைகாசிக் கடைசியில் காற்று வந்தது. பனைகள் வளைந்தன, காற்றாலைகளின் இறக்கைகள் சுற்றத் தொடங்கின, கொடியில் கிடந்த சேலைகள் பலகைபோல நீண்டு நின்றன, தெருவைக் கடந்துகொண்டிருந்த கோழி ஒன்று இரண்டு வீடு தள்ளிப் போய் விழுந்து எழுந்து நடந்தது. எதிலும் சத்தம் இல்லை. ஊரார் தங்களுக்குக் காது அடைத்துவிட்டதென்று நினைத்துச் சூடு பொறுக்கும் எண்ணெயைக் காதில் விட்டுக்கொண்டு சாய்ந்து படுத்தார்கள். சிலர் பணகுடிக்குப் போய் டாக்டரிடம் காதைக் காட்டினார்கள். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, காதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, எதற்கு இப்படிக் கத்துகிறீர்கள் என்று கேட்டார்.

காரணத்தைக் கண்டுபிடித்தது சுயம்புலிங்கம்தான். பல்லி எச்சத்தைத் துடைக்க வட்டத்தைச் சுவரிலிருந்து அவர் எடுத்த அந்த நொடியில், வருஷாவருஷம் வரும் இரைச்சல் முழுவதும் ஒரே மூச்சில் ஊருக்குள் வந்து விழுந்தது; பக்கத்து வீட்டில் பாத்திரம் உருண்டது, தெருவில் நாய்கள் குரைத்தன. திரும்ப மாட்டினார், நின்றது. நம்பாமல் இன்னொரு தடவை எடுத்து மாட்டினார்.

"யாருவே அது விளையாடுறது?" என்று தெருவிலிருந்து ஒரு குரல் கேட்டது.

டென்மார்க்குத் தம்பி மாடி அறையிலிருந்து கிளிக்கண்ணாடியை இறக்கி வைத்தது மாதிரி, இது காற்றிலிருந்து சத்தத்தை இறக்கி வைத்திருக்கிறது என்று தங்கபுஷ்பம் சொன்னாள். அதற்கு மேல் விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை. காற்றாலைக்காரர்கள் வந்து மின்சாரம் குறைந்திருக்கிறதா என்று அளந்து பார்த்தார்கள், குறையவில்லை. ஆனி பிறந்தபோது காற்றிலிருந்து தூசியும் போயிற்று. பிறகு ஒரு சாயங்காலம் மின்னல் மட்டும் வெட்டி, இடி வராமல், மழை தகரக் கூரைகளின் மேல் பஞ்சைப் போல வந்து உட்கார்ந்தது. ஆடு மேய்க்கிறவர்கள் இடி இல்லாமல் இனிக் காளான் முளைக்காது என்றார்கள். மற்றபடி குறை சொல்ல ஒருவரும் இல்லை.

கொஞ்ச நாள் ஊர் பழைய ஞாபகத்தில் கத்திக்கொண்டிருந்தது, தொண்டை கட்டியது, பிறகு குரலை இறக்கியது. குரல் இறங்கியதும் கேட்கக் கூடாததெல்லாம் கேட்டது. இருபது வருஷமாகக் காற்றை நம்பி மாமியாரை முணுமுணுப்பில் திட்டிவந்த மருமகள்கள் பிடிபட்டார்கள். பூசாரி இத்தனை காலமும் ஒரே மந்திரத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறார் என்பது தெரிந்தது. அவரைக் கேட்டதற்கு, அம்மன் குறை சொல்லவில்லையே என்றார். பேச்சுவார்த்தை இல்லாமலிருந்த அண்ணன் தம்பி இருவர், சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே ராகத்தில் குறட்டை விடுவதைக் கேட்டுவிட்டு வெட்கப்பட்டுப் பேசத் தொடங்கினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகக் கைப்பிள்ளைகள் தூங்கின. கணவாய்ப்புதூரில் பிறந்த குழந்தை, பல் முளைக்கும்வரை ஆனி ஆடியில் கண்ணயராது என்பது அதுவரை இருந்த நடப்பு. இப்போது நடுப்பகலில் தெருவில் போனால் வீட்டுக்கு வீடு தொட்டில் அசையாமல் தொங்கியது, தாய்மார் அதன் கீழேயே பாயில் கிடந்து தூங்கினார்கள். கோயில் தலைவர் ஆறுமுகப்பெருமாள் அண்ணாச்சி ஒரு தட்டில் பழமும் பூவும் கொண்டுவந்து வட்டத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, அதற்கு என்ன பெயர் சொல்லிக் கும்பிடுவது என்று தெரியாமல், தங்கபுஷ்பத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நிறுத்துவதற்குக் காற்று இல்லாமல் போனதால், காற்றுக்கு விட்டுப் பேசும் பழக்கத்தை ஊர் ஒரு மாதத்துக்குள் மறந்தது. ஆட்கள் தடதடவென்று பேசினார்கள். ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் முடித்தார். அப்போதுதான் தங்கபுஷ்பத்தின் மகள் ராஜகனி இன்னும் பழைய மாதிரியே பேசிக்கொண்டிருப்பது எல்லாருக்கும் கேட்டது.

ராஜகனி ஊர் பால்வாடியில் டீச்சர். ஊரிலேயே மரியாதை தெரிந்த பிள்ளை என்று பெயர் எடுத்தவள். மற்றவர்கள் காற்றுக்கு ஒரு தடவை நிறுத்தினால் அவள் நான்கு தடவை நிறுத்துவாள், அவசரப்படமாட்டாள், காற்று ஓய்ந்திருக்கும் கார்த்திகை மார்கழியில்கூட அதற்கு இடம் விட்டே பேசுவாள். நாகர்கோவிலில் படித்தபோது கூடப் படித்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் ஊரில் எல்லாரும் இப்படித்தான் பேசுவோம் என்று அவள் பதில் சொன்னாள், சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று, அது உண்மையென்றே அவளும் நம்பியிருந்தாள். பெற்றவர்களுக்கு எப்போதாவது சந்தேகம் வந்திருக்கலாம். வந்தபோதெல்லாம் காற்று அதை அடித்துக்கொண்டு போயிருந்தது. இப்போது நிசப்தத்துக்கு நடுவில், கடையில் அவள் சீனி கேட்டால், "சீ, சீ, சீ" என்பது தெருமுனை வரை கேட்டது, சீனி என்ற சொல் வெளியே வருவதற்குள் கடைக்காரர் பொட்டலத்தைக் கட்டி அவள் கையில் கொடுத்துவிட்டிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தார். நல்ல எண்ணத்தில்தான் எல்லாரும் அவள் சொற்களை முடித்துவைத்தார்கள். ஆடி வருவதற்குள் ராஜகனி கடைக்குப் போவதை நிறுத்தினாள், கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். பால்வாடியில், பிள்ளைகளோடு இருக்கும்போது மட்டும் பேசினாள்.

ஒரு நாள் மாலையில் பொன்செல்வி தன் மகள் தன்ஷிகாவைக் கையில் பிடித்துக்கொண்டு தங்கபுஷ்பம் வீட்டுக்கு வந்தாள். இடுப்பில் கைப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"யக்கா, நான் சண்டைக்கு வரல கேட்டியளா. ஏ தன்ஷிகா, பாட்டிகிட்ட என்ன வேணும்னு கேளு."

"பா பா பாட்டி, த த தண்ணி" என்றாள் தன்ஷிகா.

"பாத்தியளா?"

"பச்சப்பிள்ளைல்லா. காத்துக்கு விட்டுப் பேசுதா" என்றாள் தங்கபுஷ்பம்.

"எங்கக்கா காத்து?"

தங்கபுஷ்பம் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே முருங்கை மரம் தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தது. ஒரு முனகல்கூட இல்லை.

"எல்லாப் பிள்ளையளும் இப்படித்தான் பேசுது. டீச்சரப் பாத்துப் பேசுது. அவ மேல ஒரு குத்தமும் இல்ல, தங்கமான பிள்ளை, எனக்குத் தெரியாதா? ஆனா நாளைக்குப் பெரிய பள்ளிக்கூடம் போவும்போது நாலு பேரு சிரிப்பாவல்லா. மேலிடத்துல சொல்லிட்டோம்க்கா. நான் மட்டும் இல்ல, எல்லாரும் சேந்துதான். வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் அம்மா வந்து பாக்காவளாம். பிள்ளையள்கிட்ட பேசாத வேலையா ஏதாவது போட்டுக் குடுப்பாவ."

உள்ளே அடுப்படியில் ராஜகனி அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைகிற சத்தம் நின்றது. இந்த ஊரில் இப்போது எதுவும் யாருக்கும் கேட்காமல் இருக்காது என்று பொன்செல்விக்கு அப்போதுதான் உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

அன்றைக்கு ராஜகனி சாப்பிடவில்லை. பிள்ளைகளிடம் பேசாத வேலை என்பதை அவள் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மனதுக்குள் அது தடங்காமல் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கபுஷ்பம் வெகுநேரம் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

"ஏட்டி, அது ஜன்னலப் பாத்து இருக்கப்போய் காத்துல உள்ளத இறக்குது. உன் கட்டிலுக்கு மேல மாட்டட்டுமா?"

ராஜகனி அம்மாவைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைக்கு அதிக நாள் இல்லை. தலையசைத்தாள்.

மறுநாள் விடிந்தபோது ஊருக்குள் காற்றின் இரைச்சல் முழுவதும் திரும்பி வந்திருந்தது, வீட்டுக்கு வீடு தொட்டில்கள் வீரிட்டன; ராஜகனி எழுந்து வந்து, "காப்பி" என்றாள். சுத்தமாக, ஒரே மூச்சில். தங்கபுஷ்பம் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இன்னொரு தடவை சொல்லு மக்கா."

"எதற்கு?" என்றாள் ராஜகனி.

சற்று நேரத்தில் ஆட்கள் வந்து வாசலில் கூடினார்கள். கூடத்துச் சுவரில் ஆணி மட்டும் இருப்பதைப் பார்த்தார்கள். வட்டம் எங்கே என்று கேட்க வாயெடுத்த ஆறுமுகப்பெருமாள் அண்ணாச்சியிடம் தங்கபுஷ்பம் ஒளிக்காமல் சொன்னாள், காற்றுக்கு மேலாகக் கத்திச் சொன்னாள். அண்ணாச்சி கேட்டார், துண்டை உதறித் தோளில் போட்டார், பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"இருக்கட்டும் தாயி. நா, நா, நாங்க இத்தன காலம் இந்த எரச்சல்லதான கெடந்தோம்? பிள்ளைக்குச் சரியாவட்டும்."

"ஆமா, சரியாவட்டும்" என்றார்கள் பின்னால் நின்றவர்கள். பொன்செல்வி அவர்களோடு நின்றாள். அவள் தோளில் கைப்பிள்ளை காற்றைக் கேட்டு முகம் சிவக்க அழுதுகொண்டிருந்தது. அதன் காதைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அவளும் தலையசைத்தாள். பிறகு வீட்டுக்குப் போய், ஒரு கிண்ணத்தில் தேன் கொண்டுவந்து, ராஜகனி நாக்கில் தடவச் சொல்லிக் கொடுத்தாள்.

பால்வாடியில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். காற்று எங்கிருந்து வருகிறதென்று பார்க்கப் போன நரியின் கதையை ராஜகனி ஆனி மாதத்திலிருந்து சொல்லிவந்தாள். நரி இன்னும் கணவாயை எட்டவில்லை, வழியில் எருமையைப் பார்த்தது, எருமையின் அத்தை வீட்டுக்குப் போனது, சூளைக்காரர் கழுதையிடம் வழி கேட்டது, கழுதை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வழி சொன்னது. முந்தின நாள் நரி தாகத்தோடு ஒரு பனைக்கடியில் நின்றிருந்தது.

"டீ டீ டீச்சர், நரி?" என்றாள் தன்ஷிகா.

"நரி கணவாய்க்குப் போனது. காற்றைப் பார்த்தது. திரும்பியது" என்றாள் ராஜகனி.

பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

"பொறவு?"

"முடிந்தது."

"தண்ணி குடிச்சுதா டீச்சர்?"

"அது தேவையில்லை."

சத்துமாவு உருண்டை கொடுக்கும் நேரம் வரைக்கும் எந்தப் பிள்ளையும் பேசவில்லை. ராஜகனி ஒவ்வொருவர் கையிலும் உருண்டையை வைத்தாள். வழக்கமாக வைக்கும்போது சொல்லும், யானைக்கு ஒன்று, யானையின் மாமனுக்கு ஒன்று என்பதெல்லாம் நினைவில் இருந்தது, வாய் வரைக்கும் வரவில்லை. மதியத்துக்கு மேல் தன்ஷிகா முற்றத்தில் ஓடி விழுந்து முட்டியை உரசிக்கொண்டு அழுதாள். ராஜகனி அவளைத் தூக்கி உட்கார வைத்தாள், காயத்தைக் கழுவினாள், மருந்து போட்டாள், எல்லாம் சரியாகச் செய்தாள். அழுகை நிற்கவில்லை. ஒன்றுமில்லை ஒன்றுமில்லை, என் கண்ணுல்லா, என் பட்டுல்லா, எங்கே காட்டு, இந்தத் தரையை அடிச்சிருவோம் என்று சொல்ல வேண்டும்; சொல்ல வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. தடங்கவும் இல்லை, திக்கவும் இல்லை, அந்த இடத்தில் சொல்லே இல்லை. அவற்றில் எதற்கும் ஒரு பயன் கிடையாது, எதுவும் உண்மைகூட இல்லை, எல்லாம் இறக்கி வைக்கப்பட்டுவிட்டது. குழந்தை அவள் முகத்தைப் பார்த்து, பார்த்து, மேலும் அழுதது.

"காயம் சிறியது" என்றாள் ராஜகனி.

அவள் வீட்டுக்கு வந்து பேசியதைக் கேட்ட சுயம்புலிங்கம், "ஏளா தங்கபுஷ்பம், உம்மவ ரேடியோவுல செய்தி வாசிக்கப் போலாம்" என்று சொல்லிச் சிரித்தார். தங்கபுஷ்பம் சிரிக்கவில்லை. காலையிலிருந்து அவள் ஒன்றை எண்ணி எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பி என்று கேட்டவள், சோறு என்று கேட்டவள், போகிறேன் என்றும் வந்துவிட்டேன் என்றும் சொன்னவள், ஒருமுறையாவது அம்மா என்று சொல்லவில்லை. எதிரே ஒருத்திதான் நிற்கிறாள் என்னும்போது யாரிடம் பேசுகிறோம் என்பதைச் சொல்ல அவசியம் இல்லைதான்.

ராஜகனி தன் அறைக்குப் போனாள். கட்டிலில் ஏறி நின்று வட்டத்தைக் கழற்றினாள். அதை மடியில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் இருக்கிறவரைக்கும், இரைச்சலுக்குள் இருந்தாள். இரைச்சல் முழுதாக இருந்தது. இப்படியே பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டால் தன் பேச்சு தனக்குத் திரும்பிவிடும், அது யாருக்கும் கேட்கவும் செய்யாது, ஊர் பழையபடி அவளை மரியாதை தெரிந்தவள் என்று சொல்லும். வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் அம்மாவும் இந்த இரைச்சலில் எதைக் கண்டுபிடித்துவிடப் போகிறாள்? பொன்செல்வி வீட்டிலிருந்து கைப்பிள்ளையின் அழுகை காற்றோடு வந்து, காற்றோடு போய், மறுபடி வந்தது.

அவள் எழுந்து கூடத்துக்கு வந்து, வட்டத்தை ஜன்னலைப் பார்த்தாற்போல் பழைய ஆணியில் மாட்டினாள். ஊர் சட்டென்று அடங்கியது.

"ஏட்டி, என்ன காரியம் செய்த?" என்றாள் தங்கபுஷ்பம். "நாளக் கழிச்சு அந்தம்மா வாராவ. நீ பேசுறது அப்படியே கேக்குமே."

"கே கே கேக்கட்டும். த தன்ஷிகா த த தம்பி தூ, தூ தூங்கல ம்ம்ம்மா."

தங்கபுஷ்பம் அந்தச் சொல் முழுசாக வந்து சேரும்வரை அசையாமல் நின்றாள். பிறகு மகளுக்குச் சோறு போட்டாள்.

வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் அம்மா வந்தாள். வள்ளியூர்ப் பக்கத்துக்காரி, கறார் என்று பேர் எடுத்தவள், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே தாய்மார்கள் நின்றார்கள். புகாரைத் திரும்பப் பெறலாமா என்று பொன்செல்வி முந்தின நாளே போனில் கேட்டிருந்தாள், வந்து பார்த்த பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்று பதில் வந்திருந்தது. வெளியே காற்று பனைகளைத் தரைவரைக்கும் வளைத்துக்கொண்டிருந்தது. உள்ளே சுவரில் ஊர்ந்த எறும்பின் காலடிகூடக் கேட்டுவிடும் போலிருந்தது.

"நீங்க வழக்கம்போல நடத்துங்க" என்றாள் சூப்பர்வைசர்.

ராஜகனி பிள்ளைகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ந ந நரி தி தி திரும்பினதுன்னு சொன்னேன்லா. அது பொ, பொ பொய். ந, ந, ந, ந..."

சொல் நின்றுவிட்டது. அடைத்த குழாய்போல அவள் கழுத்து புடைத்தது. பழக்கம் இல்லாத சூப்பர்வைசர் உதவி செய்ய வாயைத் திறந்தாள், ஜன்னலில் யாரோ கண்ணை மூடிக்கொண்டார்கள். அதற்குள் தன்ஷிகா, மடியில் கைகளை ஊன்றி, "ந ந ந" என்றாள். பக்கத்தில் இருந்த பிள்ளை "ந ந ந" என்றது. பிறகு எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து, கிளம்ப மறுக்கும் பஸ்ஸுக்குப் பின்னால் இறங்கி நின்று தள்ளுகிறவர்களைப் போல, முன்னும் பின்னும் ஆடி, ந ந ந, ந ந ந என்று தள்ளினார்கள். யாரும் சிரிக்கவில்லை. தினமும் செய்கிற வேலைபோலச் செய்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பொன்செல்வியின் உதடுகளும் அசைந்தன, தூங்குகிற பிள்ளையைத் தோளில் தட்டுகிற கையும் அந்தத் தாளத்துக்கே தட்டியது.

"நரி!" என்றாள் ராஜகனி. சொல் ஒரு குலுக்கலோடு கிளம்பி ஓடியது. "நரி இன்னும் போய்ச் சே சேரல. ப பனைக்கடியிலதான் நிக்கி."

"எனக்குத் தெரியும்" என்றாள் தன்ஷிகா.

சூப்பர்வைசர் அம்மா கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு, சேலையை ஒதுக்கிக்கொண்டு, தரையில் பிள்ளைகளுக்கு நடுவே இடம் பார்த்து உட்கார்ந்தாள்.

"தண்ணி கிடைச்சுதா அதுக்கு?" என்று கேட்டாள்.

ராஜகனி வாயைத் திறந்தாள். அடுத்த சொல் வர நேரம் எடுத்தது. எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.